செயற்கை மார்பகமும் அளவெடுப்பும்: யாழ்ப்பாணத்தில் வாங்கி ஒரு கோடை முழுவதும் அணிந்த பின்னர் ஒரு மதிப்புரை

மார்பகப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையின் பின்னர் அணிகின்ற சிலிக்கோன் செயற்கை மார்பகத்தையும், அதைத் தாங்குவதற்கென உட்பை வைத்துத் தைக்கப்பட்ட பிராவையும், அவற்றை எனக்கு அளவெடுத்துப் பொருத்தித் தந்த சேவையையும் பற்றி இங்கு எழுதுகின்றேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். பொருள் நல்லது, கொடுத்த காசுக்குப் பெறுமதியானது. ஆனால் அந்தப் பெறுமதியில் பெரும்பங்கு, கதவைச் சாத்திவிட்டு அவசரப்படாமல் அளவெடுத்துப் பொருத்திக் காட்டிய பெண்ணின் வேலைக்கே சேரும். இதே வகைப் பொருளை அளவெடுக்காமல் வாங்கி, இரண்டு கிழமை அணிந்து பார்த்துவிட்டு அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்ட பெண்களை இந்த ஊரிலேயே அறிவேன்.

நான் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் ஓர் ஆசிரியை. இடது மார்பகம் முழுவதும் அகற்றப்பட்டு, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களும் எடுக்கப்பட்டு, அதன் பின்னர் மருந்தேற்றலையும் கதிர்ச்சிகிச்சையையும் முடித்தவள். மார்பகத்தை மீளமைக்கும் சத்திரசிகிச்சை என்று ஒரு வழியும் உண்டு. இன்னொரு முறை மயக்க மருந்து ஏற்றிப் படுப்பதற்கு மனம் இடங்கொடாததால் நான் அதை நாடவில்லை. எதையும் அணியாமல் இருப்பதென்று தீர்மானித்த பெண்களும் இருக்கின்றார்கள், அந்தத் தீர்மானத்தில் ஒரு குறையும் இல்லை. நான் அணிய விரும்பினேன். கரும்பலகையில் கையுயர்த்தி எழுதும்போது சட்டை ஒரு பக்கம் இழுபட்டு மறுபக்கம் சரிவதைப் பிள்ளைகள் பார்ப்பார்களே என்ற எண்ணம் ஒரு காரணம். வலது பக்கத்தின் பாரம் மட்டும் தோளைக் கீழே இழுத்து, மாலையானால் கழுத்தும் முதுகும் நோவது இன்னொரு காரணம்.

போரில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் பொருத்தும் வேலை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக நடந்து வருகின்றது. ஜெய்ப்பூர்க் கால் என்றால் இங்கு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு அளவெடுக்க வேண்டும், பொருத்திப் பார்த்து நடக்க வேண்டும், உரசுகின்ற இடத்தைத் திருத்த வேண்டும், காலம் போனால் மாற்ற வேண்டும் என்பவற்றை எங்கள் சனத்துக்கு எவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. மார்பகத்துக்கும் இதே ஒழுங்குதான் தேவை. ஆனால் அது உடுப்புக்குள் மறைந்திருப்பதாலும், அதைப் பற்றிக் கதைக்கவே கூச்சப்படுவதாலும், அழகுக்காக வாங்கும் ஒரு பொருளைப் போல எண்ணிப் பெட்டியின் மேலுள்ள இலக்கத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டு போகின்றோம். எனக்கு இதில் மிகுந்த வருத்தம் உண்டு.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்த உடனே சிலிக்கோனை அணிய முடியாது. காயம் ஆறும்வரை, பொதுவாக 6 முதல் 8 கிழமைகள் வரை, பஞ்சோ மெல்லிய நாரோ நிரப்பிய இலேசான துணி மார்பகத்தைத்தான் அணிய வேண்டும். கதிர்ச்சிகிச்சை எடுத்தவர்கள் தோலின் சிவப்பும் எரிவும் முற்றாகத் தணியும் வரை இன்னும் பொறுத்திருக்க வேண்டும். எப்போது தொடங்கலாம் என்பதைச் சிகிச்சை அளித்த வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். நான் வைத்தியர் சொன்ன பின்னரே அளவெடுக்கப் போனேன். அதற்கு முந்திய மாதங்களில், பருத்தித் துணியில் தைத்த சிறு பைக்குள் பஞ்சு வைத்து, தளர்வான உட்சட்டைக்குள் குத்தாமல் செருகிக்கொண்டேன். வீட்டுக்குள் நடமாடுவதற்கு அது போதும். வெளியே போனால் அது பாரமில்லாததால் மெல்ல மெல்ல மேலேறிக் கழுத்தடிக்கு வந்துவிடும், கையை உயர்த்தினால் இன்னும் விரைவாக வந்துவிடும்.

பாரம் வேண்டுமென்று சிலர் துணிப் பைக்குள் பயறு, கடுகு, தினை போன்றவற்றை நிரப்பிக்கொள்வார்கள். எனக்கும் அப்படிச் செய்யும்படி அன்போடு சொன்னார்கள். தோள்வலிக்கு அது ஓரளவு உதவக்கூடும், ஆனால் எங்கள் வெயிலில் தானியம் வியர்வையை உறிஞ்சி மணக்கத் தொடங்கும், கழுவவும் முடியாது, வண்டும் பிடிக்கும். காயத்தழும்பின் மேல் அப்படியான ஒன்றை நாள் முழுவதும் வைத்திருப்பதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

ஒரு மார்பகம் இல்லாமற்போனால் உடுப்பு உடம்பில் நில்லாது என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது கிணற்றடிதான். எங்கள் வீட்டில் இன்றும் கிணற்றில் அள்ளித்தான் குளிக்கின்றோம். குறுக்குக்கட்டு கட்டி வாளியை இழுக்கும்போது, பிடிப்பதற்கு ஒரு பக்கம் ஒன்றும் இல்லாததால் துணி வழுகி இறங்கியது. அது யாரும் பார்க்காத இடம். ஆனாலும் அந்தக் காலை மிகவும் சோர்ந்துபோனேன். பிராவும் அப்படித்தான். வெறுமையாக உள்ள பக்கம் மேலேறும், மறுபக்கம் இறங்கும், முதுகுப் பட்டி கோணலாகும், பாரமுள்ள பக்கத்துத் தோளில் நாடா பதிந்து தழும்பாகும். உடலின் அளவுக்கும் பாரத்துக்கும் ஏற்ற ஒன்று அந்தப் பக்கத்தில் இருந்து, பிராவைக் கீழே பிடித்துவைத்தாலன்றி இது தீராது.

அளவெடுப்பு இல்லாத விற்பனை எப்படி இருக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். வைத்திய உபகரணங்கள் விற்கும் கடையொன்றுக்குத் தங்கையோடு போனேன். மேசைக்கு முன்னால் வேறு ஆட்களும் நின்றார்கள். விற்பனையாளரான இளைஞர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி “என்ன சைஸ்?” என்று கேட்டார். எனக்கு இலக்கம் தெரியவில்லை. பழைய பிராவின் இலக்கத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்தார். இடப் பக்கத்துக்கானதா வலப் பக்கத்துக்கானதா என்று கேட்டபோது, எல்லாம் ஒன்றுதான் என்றார். அணிந்து பார்க்கலாமா என்றபோது, சுகாதாரக் காரணத்தால் திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்றார். சுகாதாரக் காரணம் நியாயமானதே. ஆனால் அணிந்து பார்க்காமல் வாங்கக்கூடிய பொருளும் இது அன்று. அணிந்து பார்ப்பதற்கென மாதிரிகளை ஒதுக்கி வைத்து, ஒவ்வொரு முறையும் துடைத்து, மெல்லிய துணியின் மேல் பிடித்துக் காட்டுவது செய்யக்கூடிய காரியம் என்பதைப் பின்னர் கண்டேன்.

எனக்கு அளவெடுத்தவரைக் கிளினிக்கில் பழக்கமான ஒரு பெண் மூலம் அறிந்தேன். அவருடைய இடம் பெரிய கடையன்று. நகரில் ஒரு வீட்டின் முன்னறை. கதவுக்கு உட்பூட்டு, யன்னலுக்குத் தடித்த திரைச்சீலை, ஓர் ஆளுயர நிலைக்கண்ணாடி, சாய்ந்து இருக்கக்கூடிய ஒரு கதிரை, மின்விசிறி. முன்கூட்டியே தொலைபேசியில் நேரம் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அந்த நேரத்துக்கு வேறொருவரையும் வரச்சொல்லமாட்டார். என்னைக் கண்டதும் அவர் நாடாவை எடுக்கவில்லை. எப்போது சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை முடிந்து எவ்வளவு காலம், கை வீங்குகின்றதா, எந்தத் தோளில் பையைத் தொங்கவிடுவேன், வழக்கமாகச் சேலையா சட்டையா, ஸ்கூட்டி ஓடுவேனா என்றெல்லாம் கேட்டுக் கொப்பியில் எழுதினார். பிறகுதான், “ரீச்சர், உங்களுக்குச் சம்மதமெண்டால் இனிப் பாப்பம். தங்கச்சி பக்கத்தில நிக்கட்டும்,” என்றார். தழும்பைப் பார்த்தபோது அவருடைய முகம் மாறவில்லை. இப்படியான வேலையில் இதைவிடப் பெரிய தகைமை வேறு என்ன இருக்கின்றது என்று எனக்குத் தோன்றியது.

அளவெடுக்கும் முறையை விவரமாக எழுதுகின்றேன், ஏனெனில் அளவெடுக்கும் பெண் கிடைக்காதவர்கள் தாயையோ சகோதரியையோ வைத்து இதில் ஒரு பகுதியையாவது செய்துகொள்ள முடியும். முதலில் மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி நாடா தரைக்குச் சமாந்தரமாக இருக்கும்படி, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளந்தார். அது பட்டியின் அளவு. பிறகு இருக்கின்ற மார்பகத்தின் அளவை, நடு நெஞ்செலும்பிலிருந்து அதன் மிக உயர்ந்த இடத்தைக் கடந்து முதுகெலும்பு வரை எடுத்து, இரண்டால் பெருக்கினார். ஒரு பக்கம் இல்லாதவரை முழுச் சுற்றாக அளந்தால் கிண்ணத்தின் அளவு குறைந்துவிடும். பழைய இலக்கத்தை நம்பி வாங்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். சிகிச்சைக் காலத்தில் என் உடல் எடையும் மாறியிருந்தது. அதனால் சரியான பிரா முதலில் தெரிவு செய்யப்பட்டது, அதன் கிண்ணத்தை நிரப்பும் மார்பகம் அதன் பின்னரே தெரிவு செய்யப்பட்டது. இந்த ஒழுங்கு மாறினால் எதுவும் பொருந்தாது.

பின்னர் மாதிரிகளை ஒவ்வொன்றாக உட்பைக்குள் வைத்து, கண்ணாடியில் நேராகப் பார்க்கச் சொன்னார், பக்கவாட்டில் பார்க்கச் சொன்னார், மேலிருந்து நானே குனிந்து என் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார். ஒரு பெண் தன் உடலை ஒரு நாளில் அதிகமாகப் பார்ப்பது இந்த மூன்றாவது கோணத்தில்தான் என்று அவர் சொன்னது முற்றிலும் உண்மை. “கையை மேல தூக்கிப் பாருங்கோ. இப்ப முத்தம் கூட்டுற மாதிரிக் குனியுங்கோ. தேங்காய் திருவத் திருவலையில இருக்கிற மாதிரி இருந்து பாருங்கோ. எங்கயாவது நோகுதோ?” என்று ஒவ்வொன்றாகச் செய்வித்தார். முன்னால் குனியும்போது மார்பகம் நெஞ்சைவிட்டு விலகித் தொங்கக்கூடாது, நிமிரும்போது தன் இடத்துக்குத் தானாகத் திரும்ப வேண்டும். இரண்டு மாதிரிகள் கண்ணாடியில் மிக அழகாகத் தெரிந்தும் குனிந்தபோது தோற்றுப்போயின. கடைசியில் என் சேலையின் மேற்சட்டையை அணிந்து, முந்தானை போட்டு, அறைக்குள் நடந்து பார்த்தேன். இவ்வளவுக்கும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் சென்றது. வாங்கியே ஆகவேண்டுமென்ற நெருக்குதல் ஒரு சொல்லிலும் இருக்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வரும்படிதான் சொன்னார்.

பொருளுக்கு வருகின்றேன். சிலிக்கோன் மார்பகம் என்பது மெல்லிய, நெகிழ்வான பொலியூரதேன் உறைக்குள் சிலிக்கோன் கூழ் நிரப்பி மூடியது. உடலில் வைத்ததும் சற்றுக் குளிராக இருக்கும், சிறிது நேரத்தில் உடற்சூட்டுக்கு வந்துவிடும். சம பக்க வடிவில் இரு பக்கத்துக்கும் பொதுவானவை உண்டு. அக்குள் பக்கமாக நீண்டு செல்லும் வடிவில் இடத்துக்கு வேறு, வலத்துக்கு வேறு என்று செய்யப்பட்டவையும் உண்டு. அக்குள் பக்கத்துத் திசுவும் எடுக்கப்பட்டவர்களுக்கு இரண்டாவது வகையே பொருந்தும். ஒரு பகுதி மட்டும் அகற்றப்பட்டவர்களுக்கு, இருக்கின்ற மார்பகத்தின் மேல் ஓடுபோலப் பொருந்தும் மெல்லிய வகையும் உண்டு. இடம் வலம் பிரித்துச் செய்யும் எண்ணத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர், பார்பி பொம்மையை உருவாக்கிய அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹாண்ட்லர். 1970ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகி மார்பகத்தை இழந்த அவர், அக்காலத்தில் கிடைத்த செயற்கை மார்பகங்களில் திருப்தியுறாமல் தானே அவற்றைச் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கி, இரு பக்கங்களுக்கும் வேறுவேறாக வடிவமைத்தார். அணிந்து அனுபவித்த ஒருவர் செய்தால் பொருள் எப்படித் திருந்தும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. எல்லாம் ஒன்றுதான் என்று எனக்குச் சொல்லப்பட்ட அந்தக் கடை மேசையை நினைக்கும்போது இவரையும் நினைத்துக்கொள்கின்றேன்.

நான் வாங்கியது இடப் பக்கத்துக்கான, முழுப் பாரமுள்ள வகை. தோள்வலி தணிந்தது இதன் முதல் பயன். அணிந்த முதற் கிழமையிலேயே அது தெரிந்தது. பாரத்தைக் குறைத்துச் செய்த இலகு வகைகளும் கிடைக்கின்றன. மார்பு பெரிதாக உள்ளவர்களுக்கும், கைவீக்கம் உள்ளவர்களுக்கும், வயதானவர்களுக்கும் அவையே உகந்தவை. தோலோடு நேரடியாக ஒட்டிக்கொள்ளும் வகையை எனக்குக் காட்டினார், ஆனால் வாங்க வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டார். கதிர்ச்சிகிச்சை பட்ட தோலுக்கும் எங்கள் வியர்வைக்கும் அது ஏற்றதன்று என்பதே காரணம். விலை கூடிய பொருளை விற்கும் வாய்ப்பை அவர் தாமாகவே விட்டுக்கொடுத்தது, அவர் மீது எனக்கு ஏற்பட்ட நம்பிக்கையை உறுதிப்படுத்தியது.

பிராவைப் பற்றிச் சொல்லும்போது சிறிது மனக்குறையும் சேர்ந்தே வருகின்றது. நல்ல பிராவுக்கு அகலமான தோள்நாடா, கம்பியில்லாத முழுக் கிண்ணம், நடுவிலும் அக்குள் பக்கத்திலும் உயர்த்தி வெட்டிய துணி, இரு பக்கமும் பருத்தியில் உட்பை ஆகியவை இருக்க வேண்டும். நான் வாங்கியதில் இவை எல்லாம் இருந்தன, தையலும் உறுதியானது. ஆனால் துணி பெரும்பாலும் செயற்கை இழை, குளிர்நாட்டுக்கெனச் செய்யப்பட்டதுபோல் தடிப்பானது. உலகம் அறிந்த பெயர்களுக்கு உள்ளாடை தைத்து ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகள் நிறைந்த இந்த நாட்டில், எங்கள் வெப்பத்துக்கேற்ற இந்தப் பிராவை யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையிலாவது எளிதாக வாங்க முடியாதிருப்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகின்றது.

ஆகவே இரண்டாவது பிராவை நான் வாங்கவில்லை. சாதாரணமான, கம்பியில்லாத, முழுக் கிண்ணமுள்ள பருத்திப் பிராவொன்றை வாங்கி, எங்கள் ஊர்த் தையற்காரியிடம் கொடுத்து உட்பை தைப்பித்தேன். பழைய பருத்தி வேட்டித் துணியே இதற்குப் போதும். பை, கிண்ணத்தின் வடிவையே பின்பற்ற வேண்டும். வாய் அக்குள் பக்கமாக இருக்க வேண்டும், மார்பகம் வெளியே வழுகாத அளவுக்குக் குறுகலாக இருக்க வேண்டும். தையலின் தடிப்பு தழும்பின் மேல் வரக்கூடாது. விலை மிகக் குறைவு, கோடையில் வாங்கிய பிராவைவிட இதுவே சுகமாக இருந்தது. வெளிநாட்டுப் பிராவை வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை என்பதை உறுதியாகச் சொல்வேன்.

யாழ்ப்பாணத்து வெக்கையில் இது எப்படி இருக்கின்றது என்பதே என்னிடம் எல்லாரும் இரகசியமாகக் கேட்கும் கேள்வி. உண்மையைச் சொன்னால், மதியத்துக்கு மேல் அதன் பின்புறம் வியர்க்கும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் சேலையுடுத்தி வீதியில் நின்றபோது, வீட்டுக்கு வந்து உடனே கழற்ற வேண்டியிருந்தது. உட்பை பருத்தியானால் வியர்வையின் பெரும்பகுதியை அது வாங்கிவிடும். பாடசாலைக்குப் போகும் நாட்களில் மதியம் ஒரு தடவை கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அணிகின்றேன். வெப்பத்தைச் சமன்செய்யும் உட்படை வைத்த வகைகளும் உண்டு, விலை கூட. இரவில் அணிய வேண்டியதில்லை. கழற்றியதும் மென்மையான சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவி, துவாயால் ஒற்றி எடுத்து, அதனுடன் தந்த பெட்டியிலுள்ள குழிவில் வைக்க வேண்டும். மேசை மேல் கவிழ்த்து வைத்தால் வடிவம் கெடும். வெயிலில் காயவைக்கக்கூடாது. கடலிலோ கேணியிலோ குளித்தால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

சேலை கட்டுபவர்கள் ஊசி விடயத்தில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். முந்தானையைத் தோளில் குத்தும் ஊசி சற்றுத் தவறி இறங்கினாலும் உறை கிழிந்துவிடும். கிழிந்த மார்பகத்தைத் திருத்த முடியாது, உத்தரவாதமும் அதற்குப் பொருந்தாது. நான் முந்தானையை முதலில் தோளில் மடித்துக் குத்திவிட்டு அதன் பின்னரே மற்றதைச் சரிசெய்கின்றேன். நெஞ்சில் அலங்கார ஊசி குத்துவதை விட்டுவிட்டேன். பூனை வளர்ப்பவர்கள் பெட்டியை மூடி வைக்க வேண்டும். சட்டை தைக்கக் கொடுக்கும்போது செயற்கை மார்பகத்தை அணிந்தபடியே அளவு கொடுக்க வேண்டும். கழுத்தைச் சற்று ஏற்றி வெட்டச் சொல்ல வேண்டும், கைக்குழியை ஆழமாக வெட்ட விடக்கூடாது. சட்டைக் கையை இறுக்கமாகத் தைப்பது எங்கள் தையற்காரிகளின் வழக்கம். நிணநீர்க் கணு எடுக்கப்பட்ட பக்கத்துக் கை வீங்கக்கூடியதாகையால் அந்தப் பக்கத்துச் சட்டைக் கையைத் தளர்வாகவே தைப்பிக்க வேண்டும், இறுக்கமான காப்பையும் அந்தக் கையில் போடக்கூடாது.

வெளிநாட்டிலிருந்து வரும் பொதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லண்டனிலும் கனடாவிலும் உறவுகள் இல்லாத குடும்பம் இங்கு குறைவு. பிரித்தானியாவில் மார்பகம் அகற்றப்பட்ட பெண்களுக்கு அரச சுகாதார சேவையே செயற்கை மார்பகத்தை இலவசமாக அளிக்கின்றது என்பதால், அங்குள்ளவர்கள் இதை நன்கு அறிந்திருக்கின்றார்கள். எனக்கும் என் அக்கா ஒன்றை அனுப்பினார். அன்பு நிறைந்த பொதி. ஆனால் அது வலப் பக்கத்துக்கானது, ஓர் அளவு பெரியது. அதைத் தேவையான இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், அவருக்குப் பொருந்தியது. அனுப்ப விரும்பும் உறவுகள், இங்குள்ளவரின் பட்டியளவையும் கிண்ண அளவையும் பக்கத்தையும் கேட்டெழுதிய பின்னர் வாங்கினால் அந்தப் பணம் வீணாகாது.

பருத்தி நூலில் பின்னி, உள்ளே இலேசான நார் நிரப்பிய மார்பகங்களும் நல்லவை. 2011ஆம் ஆண்டில் தானே இந்நோய்க்கு ஆளான பார்பரா டிமொரெஸ்ட் என்ற அமெரிக்கப் பெண் தொடங்கிய தொண்டு முயற்சியால், அவற்றைப் பின்னும் முறை இலவசமாகவே கிடைக்கின்றது. சிலிக்கோனின் பாரம் இதற்கு இல்லை, ஆனால் கழுவலாம், காயவைக்கலாம், வியர்க்காது. வீட்டிலிருக்கும் நாட்களில் நான் இப்போது இதையே அணிகின்றேன். பின்னல் தெரிந்த கைகளுக்கு எங்கள் ஊரில் குறைவே இல்லை. மேசை விரிப்பைப் பின்னும் கைகளால் இதையும் பின்ன முடியும்.

விலை என்று பார்த்தால், சிலிக்கோன் மார்பகம் இறக்குமதிப் பொருள். 2022ஆம் ஆண்டு ரூபாயின் பெறுமதி வீழ்ந்த பின்னர் இறக்குமதிப் பொருள் எல்லாவற்றின் விலையும் ஏறியதுபோல் இதுவும் ஏறியது. ஓர் ஆசிரியையின் சம்பளத்தில் அது சிறிய தொகையன்று. கூலிவேலை செய்யும் பெண்ணுக்கு எட்டாத தொகை. சத்திரசிகிச்சையையும் மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் ஒரு சதமும் வாங்காமல் அளிக்கும் எங்கள் அரச மருத்துவத்தின் மீது எனக்குள்ள நன்றி பெரிது. அந்தச் சிகிச்சையின் கடைசிப் படியாக இதையும் கருத வேண்டும் என்றே கேட்கின்றேன். நான் விடுதியிலிருந்து வெளியேறியபோது தந்த நோய் நிர்ணய அட்டையில் மருந்துகளும் கிளினிக் திகதியும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. எதை எப்போது அணியலாம், எங்கே அளவெடுக்கலாம் என்று ஒரு வரியும் இருக்கவில்லை. அந்த ஒரு வரியை எழுதுவதற்குப் பணம் தேவையில்லை.

அந்த வரி இல்லாத இடத்தில் எனக்குத் துணையாக வந்தவர்கள் சக நோயாளிகள். தெல்லிப்பழையில் உள்ள புற்றுநோய் மருத்துவமனை, 2011ஆம் ஆண்டில் நாட்டின் தென்முனையான தெய்வேந்திரமுனையிலிருந்து வடமுனையான பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியால் எழுந்தது. அதற்கு முன்னர் எங்கள் பெண்களில் எத்தனையோ பேர் கொழும்புக்கு அருகே மகரகமையிலுள்ள புற்றுநோய் மருத்துவமனைக்குப் போய், மொழி தெரியாத விடுதிகளில் படுத்து, திரும்பி வந்து எவரோடும் கதைக்காமல் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போரால் மூடப்பட்டிருந்த காலத்தில் கொழும்புக்குப் போய் மார்பகத்தை அகற்றிக்கொண்ட ஓர் அம்மாவைக் கிளினிக் வாங்கில் சந்தித்தேன். அத்தனை வருடங்களும் கைக்குட்டைகளை மடித்து வைத்தே வாழ்ந்தவர். நான் சிலிக்கோன் அணிந்திருப்பதை அறிந்து, “பிள்ளை, அதை ஒருக்காத் தொட்டுப் பாக்கலாமோ?” என்று கேட்டார். மறைவுக்குப் போய்க் கையில் கொடுத்தேன். நெடுநேரம் வைத்துப் பார்த்தார். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அவரும் அளவெடுத்திருந்தார்.

இப்படியான துணையை ஓர் ஒழுங்காக அமைக்க முடியும். அமெரிக்காவில் டெரெஸ் லாசர் என்ற பெண், 1952ஆம் ஆண்டில் தனக்குச் சத்திரசிகிச்சை நடந்த பின்னர், அதே நிலையிலுள்ள மற்றப் பெண்களை மருத்துவமனையிலேயே போய்ச் சந்திக்கத் தொடங்கினார். அது இன்று பல நாடுகளில் நடைபெறும் இயக்கமாகிவிட்டது. எங்கள் கிளினிக்குகளிலும், சிகிச்சை முடித்த ஒரு பெண் மாதத்தில் ஒரு காலைப்பொழுது ஒரு மூலையில் மாதிரிகளோடு இருந்தால் போதும். கையைச் சுவரில் விரல்களால் ஏற்றும் பயிற்சியை இயன்மருத்துவர் ஒரு முறை காட்டுவார், அதை ஒவ்வொரு நாளும் செய்ய வைப்பது இன்னொரு நோயாளியின் வார்த்தைதான். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கும் இந்த விவரம் தெரிந்திருந்தால், நகரத்துக்கு வரமுடியாத தீவகத்துப் பெண்களுக்கும் வன்னிப் பெண்களுக்கும் அது போய்ச்சேரும்.

எனக்கு அளவெடுத்த பெண், ஒரு மாதம் கழித்து வரச்சொல்லி, இலவசமாகவே மீண்டும் பார்த்து, பட்டியின் கொக்கியை மாற்றிவிட்டார். ஆறு மாதத்துக்கொரு முறை வரும்படியும், உடல் எடை மாறினால் முன்னதாகவே வரும்படியும் சொல்லியிருக்கின்றார். குறை என்று சொல்வதானால், அவரிடம் கருமையான தோலுக்கேற்ற நிறத்தில் மார்பகங்கள் இருக்கவில்லை; என்னுடையது வெளிறிய நிறமுடையது. உடுப்புக்குள் இருப்பதால் இது பெரிதன்று என்று சிலர் சொல்வார்கள், ஆனால் ஒவ்வொரு காலையும் அதை எடுத்து அணிகின்றவளுக்கு அது தெரியும், தயாரிப்பாளர்கள் இதைத் திருத்த வேண்டும். இருப்பு வைத்திருக்க முதல் போதாததால் சில அளவுகளுக்குக் கிழமைக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். சிலிக்கோனுக்கு வழக்கமாக 2 ஆண்டுகள் உத்தரவாதம் தருகின்றார்கள், பற்றுச்சீட்டைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கின்றேன். மாற்றும் காலம் வரும்போது இதே இடத்தில், இலகு வகையில், வெப்பத்தைச் சமன்செய்யும் உட்படையோடு கூடிய ஒன்றை வாங்குவதென்று இப்போதிருந்தே சிறிது சிறிதாகக் காசு சேர்த்து வருகின்றேன்.